லிஸ்டில் நாற்பதாவது என்றால் முப்பத்தொன்பது பேருக்குப் பிறகு என்று அர்த்தமில்லை

மதுரையில் எந்த டயாலிசிஸ் யூனிட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "லிஸ்ட்ல நாங்க எத்தனாவது சார்?" உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைக்கும் கோஆர்டினேட்டர் ஓர் எண்ணைச் சொல்வார். கேட்டவர் உடனே மனக்கணக்குப் போடுவார்: மாதம் ரெண்டு பேருக்கு நடந்தால் நமக்கு எப்போது வரும்? அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப் போகும். உறுப்பு மாற்று காத்திருப்புப் பட்டியல் ரேஷன் கடை மாதிரி ஒற்றை வரிசை இல்லை. உறுப்புக்கு ஒன்று, ரத்த குரூப்புக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று என்று பல வரிசைகள் இருக்கின்றன. சிறுநீரகம் ஒன்று கிடைக்கும்போது எந்த வரிசையிலிருந்து ஆளைக் கூப்பிடுவது என்பதை முதலில் தீர்மானிப்பது, கொடையாளி எந்த மருத்துவமனையின் ஐசியூவில் இருக்கிறார் என்பதுதான். உங்கள் சீனியாரிட்டி அதற்கு அடுத்த படி. அதற்கும் அடுத்த படி, போன் வரும் ராத்திரியில் நீங்கள் ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கிறீர்களா என்பது. இந்த மூன்றில் ஒன்று முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, இன்னொன்றில் உங்களுக்குக் கொஞ்சம் தேர்வு இருக்கிறது. அதை நம் ஊர்க் குடும்பங்கள் பலவும் தெரிந்துகொள்ளாமலே வருடக்கணக்கில் காத்திருக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்து கொடுக்கும் திட்டம் 2008-இல் தொடங்கியது. இப்போது அதை நடத்துவது டிரான்ஸ்டான் என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். அதற்கு மேலே, பல மாநிலங்கள் சேர்ந்த மண்டல அளவில் ரோட்டோ, தேசிய அளவில் நோட்டோ என்ற அரசு அமைப்புகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும், 2011 திருத்தமும், 2014 விதிகளும். 2023-இல் 178 பேரிடமிருந்தும் 2024-இல் 268 பேரிடமிருந்தும் இங்கே உறுப்பு தானம் நடந்திருக்கிறது. நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் இது. ஆனாலும் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஒரு கொடையாளியிடமிருந்து கிடைப்பது இரண்டே இரண்டு. அதனால்தான் பங்கீட்டு விதி இவ்வளவு முக்கியமாகிறது.

உறுப்பு முதலில் மருத்துவமனைக்குப் போகிறது, பிறகுதான் நோயாளிக்கு

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்ய உரிமம் பெற்ற தனியார் மருத்துவமனையில் ஒருவர் மூளைச்சாவு அடைந்து குடும்பம் சம்மதித்தால், இதயம், கல்லீரல், ஒரு சிறுநீரகம் ஆகியவற்றுக்கு அந்த மருத்துவமனையில் பதிவு செய்தவர்களுக்கே முதல் வாய்ப்பு. இன்னொரு சிறுநீரகம் பொதுத் தொகுப்புக்குப் போகும். பொதுத் தொகுப்பில் அரசு மருத்துவமனைகளின் கூட்டுப் பட்டியல் முதலில்; அங்கே பொருத்தமான ஆள் இல்லையென்றால் தனியார் மருத்துவமனைகளின் கூட்டுப் பட்டியல், சுழற்சி முறையில். தமிழ்நாட்டில் யாருக்கும் பொருந்தவில்லை என்றால் வெளிமாநிலத்துக்கு. இந்தியர் யாருக்கும் பொருந்தாத நிலையில்தான் வெளிநாட்டவர்.

கொடையாளி அரசு மருத்துவமனையில் இருந்தால் கதை வேறு. அப்போது அரசு மருத்துவமனைகளில் பதிவு செய்தவர்களுக்கே முன்னுரிமை. அவர்கள் யாருக்கும் ஒத்துவரவில்லை என்றால்தான் தனியாருக்கு. சிறுநீரக விஷயத்தில் அப்படி மீறிப் போவது அரிது. இதயமும் நுரையீரலும்தான் அதிகம் தனியாருக்குப் போகின்றன, ஏனென்றால் அவற்றை மாற்றிப் பொருத்தும் அரசு மையங்கள் மிகக் குறைவு, அவையும் பெரும்பாலும் சென்னையில் இருக்கின்றன.

மூன்றாவது வகை, உறுப்பை எடுக்க மட்டும் உரிமம் உள்ள மருத்துவமனைகள். ஐசியூவும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கும், ஆனால் அங்கே மாற்று அறுவை நடக்காது. அங்கே தங்கள் பங்கு என்று எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, எல்லா உறுப்பும் பகிர்வுக்கே போய்விடும். தென் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் இப்படிப் பங்களிக்கும்போது பயன் பெரும்பாலும் அரசு வரிசைக்கே சேர்கிறது.

இதோடு மாநிலத்துக்குள்ளேயே மண்டலம் என்ற ஒன்றும் உண்டு. மாநிலத்தை வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரை தென் மண்டலம். பகிர்வுக்கு வரும் உறுப்பு முதலில் அந்தந்த மண்டலத்துக்குள்ளேயே தேடப்படும். காரணம் நேரம். இதயத்தை எடுத்ததிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் இன்னொரு உடம்பில் ஓட வைக்க வேண்டும். நுரையீரலுக்கு நாலிலிருந்து ஆறு. கல்லீரலுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. சிறுநீரகம் ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வரை தாங்கும். ஆனால் நேரம் கூடக் கூட, பொருத்திய பிறகு மூத்திரம் பிரிவது தாமதமாகும், நடுவில் டயாலிசிஸ் தேவைப்படும். மதுரையிலிருந்து சென்னைக்கு ரோடு வழி 460 கிலோமீட்டர். இதயம் அந்தத் தூரத்தைத் தரைவழியில் கடக்க முடியாது. திருச்சியும் திருநெல்வேலியும் எட்டும்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். முப்பத்துநாலு வயது ஆள், பி பாசிட்டிவ், திருமங்கலம் நாலுவழிச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடி. மாற்று அறுவை உரிமம் உள்ள மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அவர் மூளைச்சாவு அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறுநீரகம் அந்த மருத்துவமனையின் பி குரூப் பட்டியலில் மேலே இருப்பவருக்கு. மற்றொன்று பொதுவுக்கு வந்து, அரசு கூட்டுப் பட்டியலில் பி குரூப்பில் மூத்தவருக்கு. இப்போது நகரத்தின் வேறொரு தனியார் மருத்துவமனையில் இந்த இரண்டு பேரையும்விட ஒரு வருடம் முன்பே பதிவு செய்த பி குரூப் நோயாளி இருந்தால்? அவருக்கு அன்றைக்கு எதுவும் இல்லை. அநியாயம் என்று அவர் வீட்டில் சொல்வார்கள். யாரும் பணம் கொடுத்து முந்தவில்லை, விதியே இப்படித்தான் என்று அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தால் அந்த வலியாவது குறைந்திருக்கும். அதே ஆளை ஆம்புலன்ஸ் அரசுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் இரண்டு சிறுநீரகமும் அரசு வரிசைக்கே போயிருக்கும்.

கொடையாளி இருக்கும் மருத்துவமனைக்கு ஏன் இந்தச் சலுகை? மூளைச்சாவைக் கண்டுபிடித்துச் சான்றளித்து, உறுப்புகள் கெடாமல் கொடையாளியைப் பாதுகாப்பது கடுமையான வேலை. அதைச் செய்யாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த உழைப்புக்கு ஒரு பங்கு என்று விதி வைத்ததால்தான் பல மருத்துவமனைகள் இதில் இறங்கின. இந்த ஏற்பாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதன் விலையைக் கொடுப்பது, கொடையாளிகளே வராத சின்ன மையத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் நோயாளி என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி "இங்கே எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க?" என்பதோடு நிற்கக் கூடாது. உயிரோடிருக்கும் உறவினர் தந்த சிறுநீரகமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். "போன வருஷம் உங்க ஐசியூவில் எத்தனை பேர் உறுப்பு தானம் பண்ணினாங்க? என் குரூப்புல இப்ப ஆக்டிவா எத்தனை பேர் காத்திருக்காங்க?" என்று கேளுங்கள். முதல் எண்ணை இரண்டாவதோடு வைத்துப் பார்த்தால் உங்கள் நிலவரம் ஓரளவு புரியும். நூறு பேர் காத்திருக்கும் பெயர் பெற்ற மருத்துவமனையைவிட, வருடம் நாலு கொடையாளிகளும் உங்கள் குரூப்பில் பத்துப் பேரும் இருக்கும் மருத்துவமனை உங்களுக்கு நல்லது. கையில் காசு இருக்கும் குடும்பங்கள் அரசு மருத்துவமனைப் பதிவை யோசித்தே பார்ப்பதில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே சிறுநீரக மாற்று நடக்கிறது. அரசு வரிசைக்குப் பொதுத் தொகுப்பில் முன்னுரிமையும் இருக்கிறது. நோயாளி தானாக ஆன்லைனில் பதிவு செய்ய முடியாது, மருத்துவமனைதான் செய்ய வேண்டும். ஆதலால் இந்த முடிவைப் பதிவுக்கு முன்பே எடுங்கள். பிறகு மாற்ற நினைத்தால், உங்கள் சீனியாரிட்டி தேதி என்ன ஆகும் என்பதைக் கோஆர்டினேட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாறுங்கள்.

பதிவுக் கட்டணம் என்று எதையும் வாங்கக் கூடாது, சொந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது, 65 வயதைத் தாண்டியவர் என்று பதிவை மறுக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு சொல்லிவிட்டது. பரிசோதனைச் செலவு வேறு, பதிவுக் கட்டணம் வேறு. பில்லில் எது எதற்கு என்று கேட்டு வாங்குங்கள்.

வரிசைக்குள் யார் முன்னால்

சிறுநீரகத்தில் முதல் சல்லடை ரத்த குரூப். அதே குரூப்புக்குள் யார் முதலில் பதிவு செய்தார்களோ அவர்களுக்கு முன்னுரிமை என்பதே தமிழ்நாட்டின் நடைமுறை. ஓ குரூப் சிறுநீரகம் எல்லோருக்கும் பொருந்தும் என்றாலும் முதலில் ஓ குரூப்காரர்களுக்குத்தான் போகும். இல்லாவிட்டால் அவர்கள் கதி அதோகதி. அவர்களால் ஓ தவிர வேறு எதையும் வாங்கிக்கொள்ள முடியாது.

நோட்டோ பரிந்துரைத்திருக்கும் தேசிய முறை புள்ளிக் கணக்கு. டயாலிசிஸில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி. ஆறு வயதுக்குக் கீழான குழந்தைக்கு 3, பன்னிரண்டுக்குக் கீழ் 2, பதினெட்டுக்குக் கீழ் 1. கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) போடும் இடமெல்லாம் அடைத்துப்போய், டெம்பரவரி கதீட்டர் என்ற தற்காலிகக் குழாயில் டயாலிசிஸ் ஓடுபவருக்கு 2. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை மூன்று மாதத்துக்குள் உடம்பு நிராகரித்துவிட்டால் 3. முன்பு தன் சிறுநீரகத்தை இன்னொருவருக்குக் கொடுத்து இப்போது தனக்கே தேவைப்படுபவருக்கு 5. மூளைச்சாவு அடைந்து தானம் செய்தவரின் நெருங்கிய உறவினருக்கும் 5. இந்தக் கடைசி இரண்டும் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகின்றன. கொடுத்த குடும்பம் கேட்டு நிற்கும்போது வரிசையின் கடைசிக்கு அனுப்புவது எந்த விதத்திலும் சரியில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது தானம் செய்திருந்தால் அந்தச் சான்றிதழ் நகலைப் பதிவின்போதே ஃபைலில் வையுங்கள்.

கல்லீரலுக்கும் இதயத்துக்கும் சீனியாரிட்டி மட்டும் போதாது. டயாலிசிஸ் மாதிரி உயிரை இழுத்துப் பிடிக்கும் இயந்திரம் கல்லீரலுக்கு இல்லை. பிலிருபின் (காமாலை அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலை), ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் வைத்துக் கணக்கிடும் மெல்ட் ஸ்கோர் 6-இல் தொடங்கி 40-இல் முடியும். ஸ்கோர் கூடக் கூட ஆபத்து கூடுகிறது. அதனால் பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. போன மாதம் 18 இருந்தது இந்த மாதம் 27 ஆகியிருக்கலாம், அது மருத்துவமனைக்குத் தெரிந்தால்தான் பயன். உடல் அளவும் பார்ப்பார்கள். எண்பது கிலோ ஆளின் கல்லீரல் நாற்பத்தைந்து கிலோ பெண்ணின் வயிற்றுக்குள் உட்காராது. இதயத்தில் எடை, நுரையீரலில் உயரம்.

எல்லா வரிசையையும் தாண்டிப் போவது அவசரப் பட்டியல். கல்லீரலில் திடீர்ச் செயலிழப்பு, புதிதாகப் பொருத்திய கல்லீரல் முதல் வாரத்திலேயே வேலை செய்யாமல் போவது, அதற்குப் போகும் தமனி அடைத்துக்கொள்வது ஆகியவை இதில் வரும். எக்மோவிலோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் இயந்திரம்) இதயத் துணைக் கருவியிலோ இருப்பவர் இதயத்துக்கு இப்படி வருவார். மருத்துவமனை ஆவணங்களோடு கேட்க வேண்டும், நிபுணர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தக் குழம்பு உள்ளே போனால் முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி. அடுத்த ஓரிரு நாள் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். வீட்டில் "சரியாயிருச்சு" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கண் மஞ்சளாகி, ஐஎன்ஆர் ஏறி, நினைவு தடுமாறி வருவார்கள். அந்த நடு இரண்டு நாளில் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே கூடாது. பிளாஸ்மா மாற்றும் வசதியும் கல்லீரல் பிரிவும் உள்ள இடத்துக்கு அப்போதே போனால் பலர் மாற்று அறுவை இல்லாமலே பிழைக்கிறார்கள். முற்றிய பிறகு போனால், அவசரப் பட்டியலில் சேர்த்தாலும் அந்த நாட்களுக்குள் ஒரு கல்லீரல் கிடைக்க வேண்டுமே.

ஐசியூவில் நடப்பது

பங்கீடு நியாயமாக இருந்தும் உறுப்பு வீணாகும் இடம் இது. விதிப்படி நாலு மருத்துவர்கள் சேர்ந்து மூளைச்சாவைச் சான்றளிக்க வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பாளர், அங்கீகரிக்கப்பட்ட குழுவிலிருந்து ஒரு நிபுணர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை நிபுணர், சிகிச்சை தரும் மருத்துவர். மாற்று அறுவைக் குழுவில் உள்ள யாரும் இதில் இருக்க முடியாது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். கண்மணி சுருங்குகிறதா, இருமல் வருகிறதா, வலிக்கு எதிர்வினை இருக்கிறதா என்பதெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி ஆக்சிஜன் மட்டும் கொடுத்து மூச்சு இழுக்கிறாரா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60-ஐத் தாண்டியும் நெஞ்சு அசையவில்லை என்றால் மூளைத்தண்டு செத்துவிட்டது என்று பொருள். முடிவு படிவம் 10-இல் பதிவாகும். குடும்பத்தின் சம்மதம் படிவம் 8. கொடையாளி பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்திடுவது படிவம் 9.

சம்மதத்துக்குப் பிறகு உறுப்பு எடுக்கும்வரை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மூளை செத்த உடம்பு அந்த நேரத்தில் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். மூத்திரம் லிட்டர் லிட்டராகப் போகும், சோடியம் ஏறும், பிரஷர் இறங்கும், உடல் குளிரும். சோடியம் 160-ஐத் தாண்டினால் அந்தக் கல்லீரலை எடுக்கவே யோசிப்பார்கள். ஐசியூ சிஸ்டர்கள் மனதில் வைத்திருப்பது நூறு என்ற எண்: மேல் பிரஷர் நூறுக்குக் குறையக் கூடாது, மூத்திரம் மணிக்கு நூறு மில்லி, ஆக்சிஜன் அழுத்தம் நூறு. இதை ராத்திரி முழுக்க மணிக்கு ஒருமுறை எழுதித் திருத்திக்கொண்டே இருக்கும் சிஸ்டர் இல்லாமல் எந்தப் பட்டியலும் நகராது.

கொடையாளி விபத்தில் அடிபட்டவர் என்றால் அது போலீஸ் கேஸ். பிரேதப் பரிசோதனை உண்டு. ஸ்டேஷனிலிருந்து விசாரணை அதிகாரி வர வேண்டும், தடயவியல் மருத்துவர் வர வேண்டும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் உடலை வாங்க இரண்டு நாள் ஆகும். சம்மதம் கொடுத்த குடும்பம் மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்திருக்கும். முதல் சோதனை முடிந்ததுமே ஸ்டேஷனுக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23-இல் முதலமைச்சர் அறிவித்தார். அந்த மரியாதை ஊரில் ஏற்படுத்தும் மாற்றம் பெரிது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு உடலைத் தாமதமில்லாமல் ஒப்படைப்பதும் மரியாதைதான்.

உங்கள் கையில் இருப்பது

பட்டியலில் பெயர் இருப்பதும் ஆக்டிவாக இருப்பதும் ஒன்றல்ல. காய்ச்சல், காலில் ஆறாத புண், பழைய எக்கோ ரிப்போர்ட், பல்லில் சீழ், பாதியில் விட்ட டிபி மாத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை உங்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். நிறுத்தி வைத்திருப்பது நோயாளிக்கே தெரியாமல் மாதங்கள் ஓடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை கோஆர்டினேட்டரிடம் "நான் ஆக்டிவா, ஹோல்டா? ஹோல்டுன்னா எதுக்கு?" என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், அதற்குத்தான் அவர் இருக்கிறார்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை டோஸாக, தொடக்கத்தில், ஒன்றாம் மாதம், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம் என்று நாலு தடவை போட வேண்டும். கடைசி ஊசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெபடைட்டிஸ் சி வந்தால் பயப்பட வேண்டாம், மாத்திரையில் குணமாகிறது. ஆனால் மருத்துவர் சொல்லும் நாட்கள் முழுக்க முடித்தாக வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது மிக முக்கியமான விஷயம். ஹீமோகுளோபின் குறைந்துவிட்டது, ஒரு பாட்டில் போட்டுவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு முறை அடுத்தவர் ரத்தம் ஏறும்போதும் உங்கள் உடம்பு அந்நியத் திசுக்களுக்கு எதிரான பொருளை, அதாவது எதிர்ப்பொருளை, உருவாக்கலாம். அது கூடிவிட்டால் வரிசையில் முதலில் நின்றாலும், உங்கள் ரத்தம் அந்த உறுப்பை எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை பாசிட்டிவ் வந்து, உறுப்பு அடுத்தவருக்குப் போய்விடும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது ஏற்கெனவே இருக்க வாய்ப்பு உண்டு. ரத்த அணுக்கள் உருவாவதைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச் சத்து ஊசியும் ஒழுங்காகப் போட்டால் ரத்தம் ஏற்றும் தேவை பெரும்பாலும் வராது. தவிர்க்கவே முடியாமல் ஏற்ற நேர்ந்தால், வெள்ளணு வடிகட்டிய ரத்தமாகக் கேளுங்கள். கோஆர்டினேட்டருக்கும் தகவல் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துப் புது சாம்பிள் கொடுங்கள். லேபில் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் உறைநிலையில் காத்திருக்கிறது. கொடையாளியின் வெள்ளணுக்களோடு அதைத்தான் கலந்து பார்ப்பார்கள். அது பழையதாக இருந்தால் சோதனை பொய் சொல்லும்.

குறைந்தது மூன்று போன் எண் கொடுங்கள்: உங்களுடையது, வீட்டிலுள்ள இன்னொருவருடையது, பக்கத்துத் தெருவில் ராத்திரியும் எடுக்கக்கூடிய ஒருவருடையது. பேரையூர், வருசநாடு பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் போய்ப்போய் வரும். அங்கே இருப்பவர்கள் டவர் எடுக்கும் கம்பெனி சிம் எது என்று பார்த்து அதைக் கொடுங்கள். எண் மாற்றினால் அன்றே சொல்லுங்கள். சபரிமலைக்கோ திருச்செந்தூருக்கோ போவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரியும் மறுநாளும் வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே வண்டி நகராது. அந்த நாட்களில் கூப்பிட்டால் எந்த வழியாக வருவது என்று முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வி.ஏ.ஓ. வழியாக வாங்கிய வருமானச் சான்று எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் டயாலிசிஸ் தொடங்கிய முதல் மாதத்திலேயே கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பித்து விடுவது நல்லது.

கூப்பிடும்போது ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுவார்கள். இதைச் சொல்லாமல் கூப்பிட்டால், திரும்பிப் போகிறவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். "முதல் ஆளாகவா, பேக்கப்பாகவா?" என்று போனிலேயே கேளுங்கள். எதுவாக இருந்தாலும் அந்த நிமிடத்திலிருந்து சாப்பாடு தண்ணீர் நிறுத்துங்கள். கடைசியாக டயாலிசிஸ் எப்போது, உலர் எடை (டயாலிசிஸ் முடிந்ததும் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, இந்த மூன்றும் வாயில் தயாராக இருக்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் காரில் வாருங்கள். பிஸ்டுலா கையில் யாரையும் ஊசி குத்தவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள், புது டியூட்டி டாக்டர் தெரியாமல் கையை நீட்டச் சொல்வார். வந்ததும் பொட்டாசியம் பார்ப்பார்கள், ஏறியிருந்தால் ஒரு டயாலிசிஸ் ஓட்டிவிட்டுத்தான் தியேட்டர். கிராஸ் மேட்ச் முடிவு வர நாலைந்து மணி நேரம்.

நடுவில் யாராவது வந்து "உள்ளே ஆள் இருக்கு, கொஞ்சம் செலவு பண்ணினா முன்னாடி தள்ளிரலாம்" என்று சொன்னால் அந்த ஆளின் எண்ணைக் குறித்துக்கொண்டு நேராக மருத்துவமனை நிர்வாகத்திடமும் டிரான்ஸ்டானிடமும் சொல்லுங்கள். உறுப்புக்குப் பணம் கைமாறினால் ஐந்திலிருந்து பத்து வருடம் சிறை, இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். வாங்குபவருக்கும் சேர்த்துத்தான்.

பேக்கப்பாக வந்து திரும்பிப் போக நேர்ந்தால் காரணத்தை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை, உங்கள் இடம் அப்படியே இருக்கும். கிராஸ் மேட்ச் பாசிட்டிவ் என்றால் எதிர்ப்பொருள் அளவு எத்தனை சதவீதம் என்று கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சிறுநீரக மருத்துவரான நெஃப்ராலஜிஸ்ட்டிடம் அதே வாரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். காய்ச்சலோ சளியோ காரணம் என்றால், சரியானதும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஹோல்டை எடுத்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.